கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லும் கேள்வி

போன வாரம் ஒரு அம்மா தன் எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். "பவர் இருக்கும்னு நினைக்கிறேன் மேடம். எழுத்தெல்லாம் ஆடுதுங்கிறா. கணக்கை மனசுலயே போட்டுடுவா, கதை சொன்னா அப்படியே திருப்பிச் சொல்லுவா. புத்தகத்தை எடுத்தா மட்டும் அழுகை."

முழுதாகச் சோதித்தேன். இரண்டு கண்ணிலும் 6/6. சொட்டு மருந்து விட்டுப் பார்த்தும் பவர் இல்லை. மாறுகண் இல்லை. பேனா முனையை மூக்கருகே கொண்டுவந்தபோது இரண்டு கண்களும் அழகாக உள்ளே திரும்பின. "கண்ணு நல்லா இருக்கும்மா" என்றேன்.

இப்படிச் சொன்னால் எல்லோருக்கும் நிம்மதிதான் வரும். இந்த அம்மாவின் முகம் வாடிப்போனது. கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பார். அந்த முகவாட்டம் எனக்குப் புதிதல்ல. அதை முதன்முதலில் பார்த்தது என் அக்காவிடம்தான்.

கண் பரிசோதனை செய்வதுதான் என் வேலை. ஆப்டோமெட்ரிஸ்ட் என்பார்கள். 17 வருடமாகிறது. டிஸ்லெக்சியா, அதாவது புத்தி நன்றாக இருந்தும் வாசிக்க மட்டும் திணறுகிற குறைபாடு, பற்றி நான் எழுதுவது ஒரு கண்காரியின் பார்வையில்தான். ஆனால் இதை நான் கற்றுக்கொண்டது வேலையில் அல்ல, வீட்டில்.

அக்கா பையனுக்கு அப்போது ஏழு வயது. பெயர் வேண்டாம், அவனிடம் கேட்காமல் எழுதக் கூடாது. ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டால் இரண்டாம் வரியில் "பலகை" என்று சரியாக வாசிப்பான். ஐந்தாம் வரியில் அதே சொல் வந்தால் "பழம்" என்பான். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிப்பான். "கொ" வந்தால் நின்றுவிடுவான். யோசித்துப் பார்த்தால் அது கஷ்டமான எழுத்துதான். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாய்க்கு முதலில் வர வேண்டியது "க்". கொம்பையும் காலையும் சேர்த்து "ஒ" ஆக்கி, அதைக் கொண்டுபோய்ப் பின்னால் ஒட்ட வேண்டும்.

"நீதான் கண் பாக்குறவளாச்சே, நீயே பாத்துச் சொல்லு" என்றாள் அக்கா. பார்த்தேன், கிடைத்தது. பேனா முனையை நெருக்கிக்கொண்டு வந்தால், 12 சென்டிமீட்டரிலேயே அவனுடைய வலது கண் விலகி வெளியே போனது. அந்த வயதில் ஐந்தாறு சென்டிமீட்டர் வரை இரண்டு கண்ணும் சேர்ந்து வர வேண்டும். கிட்டத்தில் பார்க்கும்போது கண்கள் சரியாகக் குவியாத குறை. எனக்கு உள்ளூர அவ்வளவு சந்தோஷம். காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் என் கைக்கு எட்டுகிற காரணம்.

ஐந்து மாதம் பயிற்சி கொடுத்தேன். மூன்று மணி கோத்த நூலின் ஒரு நுனியைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, மறு நுனியை அவன் மூக்கில் பிடித்துக்கொள்வான். ஒவ்வொரு மணியாகப் பார்க்க வேண்டும். தினமும் கால் மணி நேரம். அவன் ஒரு நாள்கூட முரண்டு பிடிக்கவில்லை, சித்தி சொன்னால் சரியாகிவிடும் என்று நம்பினான். 12 சென்டிமீட்டர் ஐந்தானது. சாயங்காலத் தலைவலி நின்றது. புத்தகத்தை எடுத்தோம். "பலகை" இரண்டாம் வரியில் பலகை, ஐந்தாம் வரியில் பழம்.

கண் தேறிவிட்டது, வாசிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகம்தான் வாடியது.

சிறப்பாசிரியராக இருக்கும் என் தோழி ஒருத்தி அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வந்தாள். புத்தகம் எதையும் எடுக்கவில்லை. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "கண்ணை மூடிக்கோ கண்ணா. இப்ப 'கடல்' சொல்லு" என்றாள். சொன்னான். "அதுல 'க' இல்லாம சொல்லு."

நீண்ட நேரம் பேசாமல் இருந்தான். "கல்" என்றான்.

"மரம், வரம், மணி. இதுல எது மத்த ரெண்டு மாதிரி முடியலை?" என்றாள். "வரம்" என்றான். இன்னும் ஏழெட்டுக் கேள்விகள். பெரும்பாலும் தவறு, அல்லது மௌனம். அவன் முட்டாள் பையன் அல்ல. கடலைப் பற்றிக் கேட்டிருந்தால் அலை எப்படி வருகிறது என்று அரை மணி நேரம் பேசியிருப்பான். ஆனால் "கடல்" என்கிற ஓசையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒன்றை எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சேர்க்க அவனால் முடியவில்லை.

நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்கள் இறுக மூடியிருந்தன. எழுத்து இல்லை, தாள் இல்லை, வெளிச்சம்கூடத் தேவையில்லை. அவனுக்கு எது வரவில்லையோ அதில் கண்ணுக்கு வேலையே இல்லை. ஐந்து மாதம் நான் தப்பான கதவில் நூலைக் கட்டியிருந்தேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். என் தொழிலுக்கும் இந்தக் குறைபாட்டுக்கும் உள்ள உறவு நான் நினைத்ததைவிடப் பழையது. டிஸ்லெக்சியா என்ற சொல்லை உருவாக்கியவரே ஒரு கண் மருத்துவர்தான். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைச் சேர்ந்த ருடால்ஃப் பெர்லின், 1887இல். அவர் பார்த்தது மூளை பாதிக்கப்பட்டு வாசிக்கும் திறனை இழந்த பெரியவர்களை. குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இப்படி இருக்கலாம் என்று 1896இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியவர் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர். அவர் விவரித்த பையனுக்கு வயது 14, பெயர் பெர்சி. தன் பெயரையே எழுத்து மாற்றி "பிரெசி" என்று எழுதுவான். பலமுறை சுட்டிக்காட்டினால்தான் தவறு தெரியும். பாடம் முழுவதையும் வாய்வழியே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்கார மாணவன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக மார்கன் எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுப் பையனைப் பற்றி 120 வருடத்துக்கு முன்பே யாரோ எழுதி வைத்தது மாதிரி இருந்தது.

கிளாஸ்கோவில் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் என்ற கண் அறுவை மருத்துவரும் இத்தகைய குழந்தைகளைப் பல வருடம் பார்த்து, 1917இல் ஒரு நூலே எழுதினார். கோளாறு கண்ணில் இல்லை, மூளையில் என்று சொன்னவர்கள் இந்தக் கண் மருத்துவர்கள்தான். ஆனால் அவர்கள் பயன்படுத்திய பெயர் "சொல் குருடு". அந்தப் பெயர் போய்விட்டது, அதன் நிழல் போகவில்லை. 1925இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்டன் எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரிவதைப் பற்றி எழுதிய பிறகு, "டிஸ்லெக்சியா என்றால் எல்லாம் திருப்பித் தெரியும்" என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. எழுத்தைத் திருப்பிப் போடுவது எழுதப் பழகும் பெரும்பாலான குழந்தைகள் செய்வதுதான். கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் கோப்பை கோப்பைதான் என்று பழகிய மூளை, எழுத்துக்கு மட்டும் அப்படி இல்லை என்று புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் மறைய நாளாகிறது, அவ்வளவுதான்.

கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்றால், அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடவும் முடியாது. இங்கேதான் நான் ரொம்ப நாள் குழம்பினேன்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 1992இல் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஒரு ஆய்வுக் குழு தொடர்ந்து கவனித்துவருகிறது. அதில் 7 முதல் 9 வயதுக்குள் இருந்த 5,822 பேரின் கண் பரிசோதனை முடிவுகளை அவர்களின் வாசிப்புத் திறனோடு ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டார்கள். கடுமையான வாசிப்புச் சிரமம் இருந்தவர்கள் 172 பேர். அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்குக் கண் செயல்பாட்டில் குறை எதுவும் இல்லை. பவர், மாறுகண், சோம்பேறிக் கண், கண் குவிதல் என்று நாங்கள் தினமும் பார்க்கிற சோதனைகளில் நன்றாக வாசிக்கும் பிள்ளைகளிடமிருந்து இவர்கள் பெரிதாக வேறுபடவில்லை.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். 2018இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வேறொரு ஆய்வு வந்தது. டிஸ்லெக்சியா உள்ள 29 குழந்தைகளையும் இல்லாத 33 குழந்தைகளையும் இன்னும் நுணுக்கமாகச் சோதித்திருந்தார்கள். கிட்டத்தில் ஃபோகஸ் பிடிப்பது, இரு கண்ணும் குவிவது, வரியைத் தொடர்ந்து கண் நகர்வது. இவற்றில் ஏதாவது ஒரு குறையாவது இருந்தவர்கள் டிஸ்லெக்சியா குழந்தைகளில் 79 சதவீதம், மற்றவர்களில் 33 சதவீதம். சின்ன எண்ணிக்கைதான். ஆனால் புறக்கணிக்க முடியாத வித்தியாசம். என் அனுபவமும் இதைத்தான் சொன்னது. அவனுடைய கண் 12 சென்டிமீட்டரில் விலகியதை என் கண்ணால் பார்த்தேனே.

குறை கூடவே இருக்கிறது என்பதும், குறையால்தான் இது வந்தது என்பதும் ஒன்றல்ல. இதை எனக்குத் தெளிவாக்கியது ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் கினிவியர் ஈடனின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு. நகரும் பொருளைப் பார்க்கும்போது மூளையில் வேலை செய்யும் ஒரு பகுதி, டிஸ்லெக்சியா உள்ளவர்களிடம் மந்தமாக இருப்பது முன்பே தெரிந்ததுதான். இதுதான் மூலகாரணம் என்று வாதிட்டவர்களும் உண்டு. ஈடனின் குழு அந்தக் குழந்தைகளை அதே வயதுக் குழந்தைகளோடு மட்டும் ஒப்பிடவில்லை. அதே வாசிப்புத் திறன் கொண்ட, வயதில் சின்னக் குழந்தைகளோடும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் மறைந்துவிட்டது. பிறகு டிஸ்லெக்சியா குழந்தைகளுக்கு ஒலிகளை அடிப்படையாகக் கொண்ட வாசிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். வாசிப்பு மேம்பட்டது, அந்தப் பார்வைப் பகுதியின் செயல்பாடும் கூடியது. அதாவது வாசிக்காததால்தான் அது பின்தங்கியிருந்தது. வாசிக்க வாசிக்கக் கண்ணும் மூளையும் சேர்ந்து பழகுகின்றன. வாசிக்காத பிள்ளைக்கு அந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை. எல்லாக் கண் குறைக்கும் இதுவே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எது முன், எது பின் என்று கேட்கவே எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

என்னை ரொம்ப வருத்திய ஆய்வு 2019இல் வந்தது. நாங்கள் அந்த நூலை அவிழ்த்துவிட்ட பிறகு. கண் குவிதல் குறைபாடு உள்ள 9 முதல் 14 வயது வரையிலான 311 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு 16 வாரம் உண்மையான கண் பயிற்சி, மற்றவர்களுக்குப் பயிற்சி போலவே தோற்றமளிக்கும் போலிப் பயிற்சி. யாருக்கு எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. முடிவில், வாசித்துப் புரிந்துகொள்வதில் உண்மையான பயிற்சி போலிப் பயிற்சியை மிஞ்சவில்லை. கண் பயிற்சி கண் குவிதலைச் சரிசெய்யும் என்பதில் சந்தேகமில்லை. 2008இலேயே 221 பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வு அதைக் காட்டிவிட்டது. தலைவலிக்கும் இரட்டைப் பார்வைக்கும் நான் இன்றும் அதே பயிற்சியைத்தான் கொடுக்கிறேன். வாசிப்பு வரும் என்று வாக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

அவனுக்குக் கலர் லென்ஸ் போடச் சொல்லி வேறொரு இடத்தில் அக்காவிடம் சொன்னார்கள். எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. வண்ணத் தாளை எழுத்தின் மேல் வைத்ததும் "நல்லா இருக்கு" என்று அவன் சொன்னான். தெரிந்த பெரியவர் ஆவலோடு கேட்டால் எந்தக் குழந்தை மாட்டேன் என்று சொல்லும்? 2011இல் 61 குழந்தைகளிடம் வண்ணத் தாளைச் சோதித்த ஆய்வில் வாசிப்பு வேகம் கூடவில்லை. கண் பயிற்சியோ வண்ணக் கண்ணாடியோ டிஸ்லெக்சியாவுக்குச் சிகிச்சை ஆகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், கண் மருத்துவர்கள் அமைப்புகள் 2009இலேயே கூட்டாக அறிக்கை விட்டிருக்கின்றன. பணம் போனால் போகட்டும். ஏழு வயதில் ஒரு வருடம் என்பது சாதாரண விஷயமில்லை. வகுப்பில் மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது இவன் லென்ஸ் மாற்றி மாற்றிக் காத்திருந்தான்.

பார்வை வழியே உண்மையில் உதவியது ஒன்று உண்டு: இடைவெளி. 2012இல் இத்தாலி, பிரான்ஸைச் சேர்ந்த 74 டிஸ்லெக்சியா குழந்தைகளுக்கு எழுத்துகளுக்கிடையே வழக்கத்தைவிட அதிக இடம் விட்டு அச்சடித்துக் கொடுத்தபோது, எந்தப் பயிற்சியும் இல்லாமலே பிழைகள் பாதியாகக் குறைந்தன, வேகமும் கூடியது. நெருக்கமாக நிற்கும் எழுத்துகள் ஒன்றையொன்று மறைப்பது எல்லோருக்கும் உள்ளதுதான், இவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். அன்றிலிருந்து அவனுக்கு நான் அச்சடித்துக் கொடுத்ததெல்லாம் பெரிய எழுத்து, அகலமான இடைவெளி, பக்கத்துக்கு எட்டு வரிதான். நடுவில் ஒரு வரி அளவுக்கு வெட்டிய அட்டையையும் வைத்துக்கொள்வான். இது நோயைத் தீர்க்காது. மூச்சுவிட இடம் கொடுக்கும்.

அப்படியானால் கண் பரிசோதனை எதற்கு? கண்டிப்பாக வேண்டும், டிஸ்லெக்சியாவைக் கண்டுபிடிக்க அல்ல, வேறு எதுவும் கூடச் சேர்ந்து படுத்தாமல் இருக்க. பள்ளியில் சுவரில் மாட்டிய அட்டையைப் படிக்க வைத்து "கண் நல்லா இருக்கு" என்று எழுதிவிடுகிறார்கள். தூரப்பார்வை, அதாவது கிட்டத்தில் பார்க்கச் சிரமப்படும் குறை, உள்ள பிள்ளை அந்த அட்டையைக் கடைசி வரி வரை படித்துவிடும். பிஞ்சுக் கண் அல்லவா, உள்ளே இருக்கும் லென்ஸை இறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். புத்தகத்தைக் கிட்டத்தில் வைத்து அரை மணி நேரம் பார்க்கும்போதுதான் அந்த இறுக்கம் தாங்காது. சொட்டு மருந்து விட்டு, லென்ஸைத் தளரவைத்துப் பார்த்தால்தான் உண்மையான பவர் வெளியே வரும். நாலைந்து வயதிலேயே அதிகத் தூரப்பார்வையைத் திருத்தாமல் விட்ட குழந்தைகள் எழுத்தறிவின் ஆரம்பப் படிகளில் பின்தங்குவதாக 2016இல் ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது.

"எழுத்து ஆடுது" என்று பிள்ளை சொன்னால் நான் முதலில் கேட்பது இது. ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டால் ஆட்டம் நிற்கிறதா? நின்றால் இரு கண்ணும் சேர்வதில் சிக்கல், என்னிடம் விடுங்கள். படம் பார்க்கும்போதும் ஆடுகிறதா? எண்கள் ஆடுகின்றனவா? படம் ஆடவில்லை, எண் ஆடவில்லை, தெரிந்த சொல் ஆடவில்லை, புதுச் சொல் மட்டும் ஆடுகிறது என்றால் ஆடுவது எழுத்தில்லை. தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை தனக்குத் தெரிந்த வார்த்தையில் அதைச் சொல்கிறது.

என் தோழி அவனுக்கு என்ன செய்தாள் என்று பலர் கேட்பார்கள். இரண்டு பட்டன் எடுத்தாள், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. நீலம் "ம்", சிவப்பு "ஈ". இரண்டையும் மேசையில் தள்ளி வைத்து, ஒவ்வொன்றையும் தொட்டுச் சொல்ல வேண்டும். மெதுவாக நகர்த்தி, இரண்டும் முட்டும்போது "மீ". மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று நாம் எல்லோரும் மனப்பாடமாக ஒப்பித்ததுதான். அவன் அதை விரலால் செய்தான். 247 எழுத்து அட்டவணையை மடித்து வைத்துவிட்டு ஆறு எழுத்தில் ஆரம்பித்தாள். தினமும் அரை மணி நேரம், இரண்டரை வருடம். சில வாரங்கள் நகரவே நகராது. ஒரு நாள் பட்டனைத் தொடாமலேயே விரல் மட்டும் மேசையில் நகர்ந்தது. வாய் "மீன்" என்றது.

அந்த எட்டு வயதுப் பெண்ணுக்கு வருகிறேன். அவளையும் கண்ணை மூடச் சொன்னேன். "பறவை. 'ற' இல்லாம சொல்லு பாக்கலாம்." அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவசரமில்லை, அப்புறம் சொல்லலாம் என்றேன். அவள் அம்மாவிடம் மெதுவாக எல்லாம் சொன்னேன். என் தோழிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "அப்ப கண்ணாடி வேண்டாமா மேடம்?" என்று மறுபடியும் கேட்டார்.

நான் என் ஃபோனை எடுத்துக் காட்டினேன். அக்கா பையன் முந்தின நாள் அனுப்பிய செய்தி. "சித்தி நாளைகு வறேன் அம்மாகிட்ட சொல்லாதீங்க ஸர்பிரைஸ்." அவனுக்கு இப்போது 14 வயது. அவர் அதை இரண்டு முறை படித்தார். "இவனே டைப் பண்ணானா?" என்றார். ஆமாம் என்றேன். ஃபோனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

அவர்கள் எழுந்து கதவு வரை போய்விட்டார்கள். அந்தப் பெண் திரும்பி வந்து என் மேசையோரம் நின்றாள். கண்ணை இன்னொரு முறை இறுக மூடிக்கொண்டாள்.

"பவை" என்றாள். "பவை, மேடம்."